பத்து ஆராங் சுரங்க வாயில் சில்லென்று காற்று வருகிறதே, உள்ளே போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ரவாங்கிலிருந்து நண்பர்கள் மூன்று பேரோடு, சிலாங்கூரில் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பத்து ஆராங் போயிருக்கிறீர்கள். பழைய செங்கல் சூளையையும் புகைபோக்கியையும் படம் எடுத்திருக்கிறீர்கள். திரும்பும்போது புதருக்குள் ஒரு சரிவில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் அதற்குள் போகப் போகிறோம், டார்ச்லைட், கயிறு, என்95 முகக்கவசம் போதுமா, எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாலை மூன்றரை மணிக்கு அந்த வாயிலிருந்து சில்லென்று காற்று வந்தது, அதனால் மறுபக்கம் திறப்பு இருக்க வேண்டும், உள்ளே நல்ல காற்றோட்டம் இருக்கும் என்று. நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன். டார்ச்லைட்டும் கயிறும் அப்புறம். காற்று வெளியே வருகிறது என்றால் உள்ளே காற்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை தம்பி. பெரும்பாலும் அதற்கு நேர் எதிரான அர்த்தம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். என் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று இப்போது பெயர். எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, செம்பனை ஆலைகளில் 30 வருடத்துக்கு மேல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொதிகலன், எண்ணெய்த் தொட்டி, கழிவுக் குழி என்று அடைபட்ட இடங்களுக்குள் இறங்குவதும், மற்றவர்கள் இறங்குமுன் காற்றை அளந்து கையெழுத்துப் போடுவதும் என் வேலை. அடைபட்ட இடத்தில் வேலை செய்வதற்கான நடைமுறை விதி 2010-ல் வந்த பிறகு, முறையாகப் படித்து வாயு சோதகர் சான்றிதழும் வாங்கினேன். ஆனால் நான் சுரங்கப் பொறியாளன் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. வாயுவைப் பற்றி நான் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சுரங்கத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி, அங்கே வேலை செய்த என் அப்பா சொன்னது, மீதி படித்தது. எது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

அப்பா பத்து ஆராங்கில் பம்பு ஆள். பதினேழு வயதில் சேர்ந்தவர், 1960-ல் சுரங்கத்தை மூடும்வரை இருந்தார். அதன் பிறகு கரியை விட்டு ரப்பர்ப் பாலுக்கு வந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனார். அவருடைய பித்தளை வில்லை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐம்பது காசு அளவு, நடுவில் எண், மேலே ஒரு ஓட்டை. கீழே இறங்கும்போது எடுத்துப் போவார்கள், ஏறி வந்ததும் பலகையில் மாட்டுவார்கள். பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஓட்டையின் மேல் விளிம்பு தேய்ந்து நீண்டு போயிருக்கிறது, ஆணியில் மாட்டி மாட்டி. நீங்கள் உள்ளே போனால் உங்கள் பெயரில் எந்தப் பலகையிலும் ஆணி இல்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் குளிர்ந்த காற்றுக்கு வருவோம். இரண்டு காரணங்களால் காற்று வெளியே வரும். ஒன்று, நிலத்தடி வெப்பம் நம் நாட்டில் வருடம் முழுக்க ஏறக்குறைய 27 டிகிரியில் நிற்கும். வெளியே மதியம் 33 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து கனமாக இருப்பதால், தாழ்வான வாய் வழியாகத் தானாக வழிந்து வரும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. வெப்ப மண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உச்சம். அதிகாலை நான்குக்கும் மாலை நான்குக்கும் தாழ்வு. கடல் ஏறி வற்றுவதுபோல, கடிகாரம் வைத்த மாதிரி நடக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்கு போலத்தான். ஆனால் மலைக்குள் ஒரு லட்சம் கன மீட்டர் வெற்றிடம் இருந்தால், ஆயிரத்தில் மூன்று பங்கு என்பது 300 கன மீட்டர் காற்று. விடியலிலிருந்து காலை பத்து வரை அழுத்தம் ஏறும்போது சுரங்கம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பத்திலிருந்து மாலை நான்கு வரை அழுத்தம் இறங்கும்போது தன் காற்றை வெளியே விடும். பழைய சுரங்கம் மூச்சு விடும் என்று சொல்வார்கள். அது உவமை இல்லை, உண்மையாகவே விடுகிறது. நீங்கள் மூன்றரை மணிக்கு வாயில் நின்றபோது முகத்தில் பட்டது அந்த மூச்சு. அதற்கு மறுபக்கம் திறப்பு எதுவும் தேவையில்லை.

இதில் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று காலை எட்டு மணிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். சுரங்கம் அப்போது உள்ளே இழுக்கும் நேரம். வாயிலிருந்து முதல் சில பத்து அடிக்கு நல்ல காற்று இருக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம் வந்துவிடும். படம் எடுத்துக்கொண்டே ஆழமாகப் போவீர்கள். பத்து மணிக்கு மேல் காற்று திசை மாறும். உள்ளே தேங்கிக் கிடந்த கெட்ட காற்று மெதுவாக உங்களைத் தாண்டி வாயை நோக்கி நகரும். நீங்கள் திரும்பி வர வேண்டிய வழியெல்லாம் அது நிறைந்திருக்கும். "போன தடவை போனோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், அந்த நேரத்துக்கு மட்டும் அது உண்மை. அடுத்த தடவைக்கு அது சாட்சி ஆகாது.

கெட்ட காற்று என்றால் விஷப் புகை என்று நினைக்காதீர்கள். பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் எதிரி விஷம் இல்லை, ஆக்சிஜன் இல்லாத காற்று. நிலக்கரி சும்மா கிடந்தாலும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே அழுகும் மரக்கட்டைகள், துருப்பிடிக்கும் இரும்பு, கரியோடு சேர்ந்திருக்கும் கந்தகக் கனிமங்கள் எல்லாமே அதே வேலையைச் செய்யும். மிஞ்சுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, தொண்டை கரகரக்காது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். என் கருவியில் 19.5-க்குக் கீழே காட்டினால் யாரையும் இறங்க விடமாட்டேன். 16-க்குக் கீழே போனால் தப்புத் தப்பாக யோசிக்கத் தொடங்குவீர்கள், ஆனால் தப்பாக யோசிக்கிறோம் என்பதே தெரியாது. 10-க்குக் கீழே மயக்கம். அதற்கும் கீழே போனால் இரண்டு மூச்சுக்குள் கால் மடங்கும். மூச்சு முட்டும், அப்போது ஓடி வந்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் உடம்புக்கு மூச்சு முட்டுகிற உணர்வு கரியமில வாயு சேர்வதால் வருவது, ஆக்சிஜன் குறைவதால் அல்ல. ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றில் சுகமாகவே மூச்சு விட்டுக்கொண்டு விழுவோம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை செய்த ஒரு ஆலையில் கழிவு தேங்கும் குழி. பத்தடி ஆழம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓடவில்லை, பம்பில் அடைப்பு. ஒருவர் ஏணி வைத்து இறங்கினார். கடைசிப் படியில் நின்று குனிந்தார், அப்படியே உட்கார்ந்தார். விழவில்லை, தடுமாறவில்லை, களைத்தவர் உட்காருவதுபோல உட்கார்ந்தார். மேலே நின்றவர் வழுக்கிவிட்டது என்று நினைத்து, "என்னண்ணே" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். பாதி ஏணியில் அவர் கை விட்டது. மூன்றாவதாக இறங்கப் போன பையனின் சட்டைக் காலரை நான்தான் பிடித்து இழுத்தேன். நல்ல காற்றை உள்ளே அடித்து, கயிறு போட்டு ஏற்றியபோது இரண்டாமவருக்கு உயிர் இருந்தது, முதலாமவருக்கு இல்லை. அவருடைய டார்ச்லைட் சேற்றில் பாதி புதைந்து எரிந்துகொண்டே இருந்தது. நாலு பேராகப் போகிறோம், ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அடைபட்ட இடத்தில் கூட இருப்பவர்கள்தான் அடுத்தடுத்துப் போகிறார்கள். நண்பனை விட்டுவிட்டு நிற்க யாருக்கும் மனசு வராது.

என்95 முகக்கவசம் தூசியை வடிகட்டும், அவ்வளவுதான். இல்லாத ஆக்சிஜனை அது உண்டாக்காது. ராணுவக் கடையில் விற்கிற வடிகட்டி முகமூடியும் அப்படியே. சிலர் லைட்டர் கொளுத்திப் பார்ப்போம், அணைந்தால் திரும்பிவிடுவோம் என்பார்கள். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வரும்போது சுடர் அணையும் என்பது உண்மை. ஆனால் நிலக்கரி இருக்கும் இடத்தில் மீத்தேனும் இருக்கலாம். காற்றில் அது 5-லிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். காற்றைவிட லேசானது என்பதால் கூரையை ஒட்டித் தேங்கும். கரியமில வாயு கனமானது, காலடியில் தேங்கும். அதாவது தலைக்கு மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஷூ கயிறு கட்டக் குனிந்தால் ஒரு காற்று, லைட்டரை உயர்த்திப் பிடித்தால் வேறு காற்று. 1815-ல் இங்கிலாந்தில் டேவி என்ற விஞ்ஞானி சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்டு விளக்கு செய்தாரே, அது இதற்காகத்தான். சரவாக்கில் ஸ்ரீ அமான் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் 2014 நவம்பரில் வெடித்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சுரங்கத்திலேயே அப்படி.

கால் வைக்கிற தண்ணீரையும் சொல்ல வேண்டும். தேங்கின தண்ணீரில் அழுகின முட்டை மணம் உள்ள வாயு கரைந்து கிடக்கும். நீங்கள் நடந்து கலக்கியதும் வெளியே வரும். குறைவாக இருக்கும்போது மணக்கும். கொஞ்சம் கூடினால் மூக்கே மரத்துப்போகும். மணம் போய்விட்டது, பரவாயில்லை என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிகக் கெட்ட நேரம். நான் சொன்ன அந்த ஆலைக் குழியில் நடந்தது அதுதான் என்று பிறகு சோதித்துச் சொன்னார்கள்.

பத்து ஆராங் கரிக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. அது இளம் கரி. எளிதில் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். குவித்து வைத்தால் ரொம்ப நாள் தாங்காது. அந்தக் காலத்திலேயே கம்பெனிக்குத் தீராத தலைவலி இதுதான் என்பது பதிவான செய்தி. அப்பா சொல்வார்: சில நாள் கீழே இறங்கினதும் ஒரு வாடை வரும், மண்ணெண்ணெய் மாதிரியும் இருக்கும், ஈரத் துணியை இஸ்திரி போட்ட மாதிரியும் இருக்கும், அப்போது மூத்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள் என்று. எங்கோ கரி சூடேறுகிறது என்று பொருள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிடுவார்கள். அப்படிக் காற்று போதாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அது 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவி கொண்டுபோனது இந்த வாயுவைக் கண்டுபிடிக்கத்தான். பிரிட்டனில் அந்த வழக்கம் 1986 வரைகூட இருந்தது. இன்றைக்கு உங்கள் சரிவுக்குப் பின்னால் எங்காவது கனல்கிறதா என்பது யாரும் அளக்காமல் தெரியாத விஷயம். அளக்காத இடத்தில் "இருக்காது" என்று நான் என் வேலையில் ஒரு நாளும் எழுதியதில்லை.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டீர்கள். என் கணிப்பு, ரொம்ப தூரம் போக முடியாது. இதை அப்பாவின் பம்பு அறையிலிருந்து சொல்கிறேன். இரவும் பகலும், தீபாவளியும் சீனப் பெருநாளும் பாராமல் பம்பு ஓட வேண்டும். ஓடாவிட்டால் கீழே முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறும். கடைசி நாள் பம்பை நிறுத்தியபோது பக்கத்தில் நின்றவர் அவர். "சத்தம் நின்னதும் காது வலிச்சிச்சு" என்பார். பம்பு நின்றால் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறுமோ அதுவரை சுரங்கம் நிரம்பிவிடும். இது எல்லாச் சுரங்கத்துக்கும் பொது. ஆகவே ஆழமான பகுதிகள் 60 வருடத்துக்கு மேலாகத் தண்ணீருக்குள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். வறண்டு மிஞ்சியிருப்பது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் சின்னத் துண்டுகள்தான். ரவாங் வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது, ஜப்பான்காரன் உள்ளே பொருளை வைத்து மூடினான் என்றெல்லாம் சாப்பாட்டுக் கடையில் பேசுவார்கள். அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பம்பு ஆளுக்குச் சுரங்கத்தின் நீளமும் ஆழமும் தெரிந்திருக்க வேண்டும், அவர் ரவாங் கதையைக் கேட்டுத் தலையை ஆட்டி மறுத்தார். எனக்கு அது போதும்.

கூரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் ஈரத்துக்கும் கரையானுக்கும் முட்டுக்கட்டை 60 வருடம் நிற்காது. அது வாய்க்குள் மட்டும் இல்லை, மேலே நடக்கும்போதும் கவனம் வேண்டும். கரியை எடுத்த வெற்றிடம் மெதுவாக இடிந்து இடிந்து மேலே ஏறி, ஒரு நாள் கனமழைக்குப் பிறகு தரையில் குழியாகத் திறக்கும். கிண்ணம் போல அமுங்கிய நிலம், காரணமில்லாமல் சாய்ந்த மரம், புதிதாக வெடித்த பூமி தெரிந்தால் சுற்றிப் போங்கள். திறந்தவெளியாக வெட்டிய பெரிய குழிகள் இப்போது ஏரிகள். அழகாக இருக்கும். ஆனால் வெட்டிய குழிக்குக் கரை கிடையாது. இரண்டு எட்டு வைத்ததும் ஆழம் செங்குத்தாக இறங்கும். நம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் எத்தனை பிள்ளைகளை இழந்திருக்கிறோம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். நீந்தத் தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

இவ்வளவையும் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது என் நோக்கம் இல்லை. பத்து ஆராங்குக்குத் திரும்பப் போங்கள், பலமுறை போங்கள். நீங்கள் தேடுகிற சுரங்கம் தரைக்கு மேலேதான் இருக்கிறது, சிதைந்துகொண்டிருப்பதும் அதுதான். கீழே இருப்பது தண்ணீரில் அப்படியே கிடக்கும். மேலே இருப்பது ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் குறைகிறது.

அந்த ஊரின் கதை சுருக்கமாக. ஊருக்கு முதலில் ரந்தாவ் பாஞ்சாங் என்று பெயர். 1908-ல் அங்கே கரி இருப்பது தெரிந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் உரிமம் வாங்கி, மலாயன் கோலியரிஸ் என்ற கம்பெனியை 1913 வாக்கில் தொடங்கினார். 1915-ல் கரி வெளியே வந்தது. குவாங்கிலிருந்து தனி ரயில் கிளை போட்டார்கள். மலாயா ரயில்களும், ஈயச் சுரங்கங்களும், கோலாலம்பூரில் பங்சார் மின்நிலையமும் இந்தக் கரியில்தான் ஓடின. 1940-ல் மட்டும் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் வெட்டினார்கள்; மூடும்வரை மொத்தம் ஒன்றரைக் கோடி டன் அளவுக்கு. கரியோடு செங்கல் சூளை, ஒட்டுப்பலகை ஆலை, மரத்தைக் காய்ச்சி இரசாயனம் எடுக்கும் ஆலை என்று ஒரு முழுத் தொழில்நகரம் அது. சீனர்கள்தான் அதிகம், நம்மவர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். குத்தகைக்காரர்கள் கையில் கூலி சிக்கியிருந்த கொடுமை பொறுக்காமல் 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். அரசு போலீசையும் படையையும் அனுப்பித்தான் திரும்பப் பிடித்தது. ரயிலும் மின்சாரமும் நின்றுவிடும் என்ற பயம் அரசுக்கு. தோட்டத்துத் தமிழர்கள் கிள்ளானில் 1941-ல் வேலைநிறுத்தம் செய்து எழுந்து நின்றதற்கு நாலு வருடம் முந்தைய கதை இது. 1948 ஜூனில் அவசரகாலம் தொடங்கியது; ஜூலையில் கம்யூனிஸ்ட் ஆயுதக் குழு ஊருக்குள் புகுந்து ஆட்களைக் கொன்று இயந்திரங்களை உடைத்தது. ஐம்பதுகளில் ரயில்கள் டீசலுக்கு மாறின, எண்ணெய் மலிவானது, வாங்க ஆள் இல்லாமல் 1960-ல் சுரங்கம் முடிந்தது.

உங்கள் ரவாங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1894-ல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரம் வைத்துப் பம்பு ஓட்டினார்கள். இந்த நாட்டில் மின்சாரம் முதலில் வந்த இடங்களில் உங்கள் ஊர் ஒன்று. பத்துமலைக் கோயிலைத் தொடங்கிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். சுரங்கத்தின் உயிர் பம்பில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை சூளைக்குப் போகும்போது புகைபோக்கியின் அடியில் நிற்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். செங்கல் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்று, ஆலங்கன்று இருக்கும். வெளியே விரல் தடிமனில் தெரியும் வேர் உள்ளே கை தடிமனில் இருக்கும். அதைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். படம் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். செங்கல் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி தெரிவது பூஞ்சை இல்லை, உப்பு. சுவருக்குள் ஏறும் ஈரம் வெயிலில் காயும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது. பழைய சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை மூச்சு விட்டு வெளியேற்றும். நல்லது செய்கிறேன் என்று யாராவது மேலே சிமெண்டு பூசினால் ஈரத்துக்கு வழியில்லாமல் செங்கல்லின் முகமே உதிரும். ஆலையில் பழைய கொதிகலன் சுவர்களில் இதை நான் கையாலேயே பார்த்திருக்கிறேன். சிமெண்டுப் பட்டை நின்றது, அதற்குப் பக்கத்துச் செங்கல் மாவாக உதிர்ந்தது. ஊருக்குள் யாராவது பழைய சுவரைச் "சரி" செய்ய வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்.

கல்லான மரத்துண்டு அந்தப் பக்கத்து மண்ணில் கிடைக்கும். கரி எப்படிப்பட்ட காட்டிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கிட்டத்தட்ட மூன்று கோடி ஆண்டு பழையது. படம் எடுங்கள், எடுத்துக்கொண்டு வராதீர்கள். இரும்புச் சாமான், விளக்கு, வில்லை எது கண்ணில் பட்டாலும் அப்படியே. பழம்பொருளைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ன் தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. அதைவிட, ஒரு பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி கதை இருக்கிறது.

நேரம் குறைவாக இருப்பது மனிதர்களுக்குத்தான். 1960-ல் இருபது வயதில் அங்கே வேலை பார்த்தவருக்கு இப்போது 85-க்கு மேல். தமிழ் பேசுபவர்கள் இன்னும் சிலர் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். கேமராவை அவர்கள் முன் வையுங்கள். "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். காலையில் எத்தனை மணிக்குப் பசியாறினீர்கள், கையில் என்ன எடுத்துப் போனீர்கள், சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்கள், குளிக்கும்போது கரி எந்த இடத்தில் போகாது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு என் அப்பா கண் இமையைத் தொட்டுக் காட்டினார். இதை நான் இன்னும் பத்துப் பேரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தரைக்கு அடியில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை புரிகிறது, எனக்கும் இருந்தது. பகாங்கில் சுங்கை லெம்பிங் ஈயச் சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அது கடினப் பாறை, ஈயம், கரி இல்லை, பராமரிக்கிற இடம். நிலக்கரிதான் வேண்டும் என்றால் மேற்குச் சுமத்திராவில் சாவாலுந்தோ இருக்கிறது. ஓம்பிலின் நிலக்கரிச் சுரங்க நகரம் என்று 2019-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாடாங்குக்கு விமானம், அங்கிருந்து வண்டி. அங்கே ஒரு பழைய சுரங்கப்பாதையில் விளக்கும் காற்றும் போட்டு, தலைக்கவசம் கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள். லாபுவானில் 1847 முதல் 1911 வரை கரி வெட்டினார்கள். அதன் 106 அடி செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. வாய்ப்பு கிடைத்தால் மூன்றையும் பார்த்துவிட்டுப் பத்து ஆராங்குக்கு வாருங்கள். அப்போது கண் வேறு மாதிரி பார்க்கும்.

நீங்கள் கண்ட அந்த வாயைப் பற்றி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். பத்து ஆராங் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. அவர்களுக்குப் படத்தோடு எழுதுங்கள், கிராமத் தலைவரிடமும் சொல்லுங்கள். பள்ளி விடுமுறை வருகிறது, சைக்கிளில் சுற்றும் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. யாராவது ஏற்கனவே உள்ளே போய்ச் சத்தமில்லாமல் இருந்தால் பின்னால் போகாதீர்கள், 999-ஐ அழைத்து, ஆள் மயங்கியிருக்கிறார், அடைபட்ட இடம், நிலக்கரிச் சுரங்கம் என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். அப்போதுதான் பொம்பா, அதாவது தீயணைப்புப் படையினர், மூச்சுக் கருவியோடு வருவார்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வாய்க்குள் வேண்டாம், அதன் மின்பாகங்களில் தீப்பொறி வரலாம். புகைபோக்கியின் உச்சியை மேலிருந்து எடுக்க முடிந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். உச்சியில் செங்கல் வரிசை எத்தனை உதிர்ந்திருக்கிறது என்று கீழே நின்று எண்ண முடியவில்லை. அந்தப் படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.